மூன்றாம் படை

பின்னேரம் ஐந்தே முக்கால்.
அச்சுவேலித் தொழிற்பேட்டைக்கு மேலால
காகங்கள் கலைஞ்சு போக
நான் ஒரு பெக்கோ வாளிக்குள்ளை
முழங்காலிலை இருந்தன்.
புது வாளி. இருபது மில்லிமீற்றர் தகடு.
உள்ளுக்கு ஒரு ஆள் நித்திரை கொள்ளலாம்,
கால் நீட்ட ஏலாது, அவ்வளவுதான்.

வாய்த்தகட்டுக்கு அஞ்சு படை.
படை எண்டு நாங்கள் சொல்லுறது
உருகின வரிக்கு மேல
ஓடவிடுற இன்னொரு வரியை.
மற்றப் படையளைப் பற்றி
வேலைத்தலத்திலை கதைக்கிறேல்லை.

மூண்டாவதிலை கரண்ட் ஒருக்கா முகம் சுளிச்சுது.
குச்சி நுனியிலை நெருப்பு
சளி பிடிச்சவன் மாதிரி இருமிச்சுது.
நான் நிப்பாட்டேல்லை.
ஆறரைக்கு லொறி எண்டு
யூட் அண்ணை ரண்டுதரம் சொல்லிப்போட்டார்.
கசடு தட்டாமல்
நாலாவதை அதுக்கு மேல இழுத்தன்.

பிறகு பல்லு, அஞ்சு.
நிரோஜன் முகத்தை அங்கால திருப்பிக்கொண்டு பிடிக்க
நான் முகமூடியைக் கழட்டிவைச்சிட்டுப்
பொட்டு வைச்சன்.
ஒரு பொட்டுக்கு ஆர் முகமூடி போடுறது?
பதினைஞ்சு பொட்டு.
எண்ணினது பிறகுதான்.

லொறி வரேல்லை.
கைதடியிலை சில்லுக் காத்துப் போட்டுதாம்,
இனி நாளைக்குக் காலமைதானாம்.

இரவு ஒரு மணிக்கு
ஆனையிறவு உப்பு முழுக்க என்ரை கண்ணுக்குள்ளை.
யசோதினி லைற்றைப் போட்டாள்.
நூர், நூர் எண்டு கத்தினன்.
உருளைக்கிழங்கு வெட்டி வைச்சுப் பாத்தாள்,
ஈரத்துவாய் போட்டுப் பாத்தாள்,
பிறகு ஒண்டும் சொல்லாமல்
கட்டில் விளிம்பிலை இருந்து
என்ரை தலையை மடியிலை சாய்ச்சாள்.
பிள்ளைக்கு முப்பத்தொண்டு கழிஞ்சு
அப்பத்தான் ஒரு கிழமை.

இமையைப் பிரிச்சு
ஒரு கண்ணுக்கு ரண்டு துளி.
(டொக்ரர் கேட்டால் ஏசுவார்.)
விடிய வெளிக்கிட்டாப் பொழுதுபட
இரும்பு உருகிற சூட்டோடை இருக்கிறவன் நான்,
அந்தச் சூடு எவ்வளவெண்டு
சொல்லத் தெரியேல்லை எனக்கு.
தன்ரை பங்கு போகுதெண்டோ என்னவோ
பிள்ளை எழும்பி அழத் தொடங்கிச்சுது.

அவள் அங்கால போன பிறகு
மூடின கண்ணுக்குள்ளை மூண்டாம் படை ஓடிச்சுது.
இடப்பக்க மூலையிலை இருந்து
ஒரு சாணும் நாலு விரலும்.
அதிலை தான் இருமினது.
புத்தூர்க் கல்லிலை முதல் அடியிலை போகாது,
நூறாவதிலையும் போகாது.
ஆரோ ஒருத்தன் குழிக்குள்ளை இறங்கி
அளவு நாடா பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கை போகும்.

விடிய நிரோஜன்ரை மோட்டார்சைக்கிளிலை
துவாயாலை கண்ணைக் கட்டிக்கொண்டு போனன்.
சொன்னன்.
"இரவே மஞ்சள் அடிச்சாச்சு" எண்டார் யூட் அண்ணை.
தெரியும்.
"ஆராலையும் பாக்க ஏலாது."
தெரியும்.
"உன்னாலையே பாக்க ஏலாது" எண்டு சிரிச்சார்.
சிரிச்சு முடிய, எங்கை எண்டு கேட்டார்.

வாளிக்குள்ளை தவண்டு போய்
மூலையிலை பெருவிரலை ஊண்டி அளந்து
ஈரம் காயாத மஞ்சளிலை விரலை வைச்சன்.
இஞ்சை.
கிறைண்டரை அவரே எடுத்தார்.
பொறி என்ரை சாரத்திலை விழுந்து விழுந்து அணைஞ்சுது.
நாலாம் படை போச்சு.
கனநேரம் சத்தம்,
பிறகு சத்தமில்லை.
"நெல்லு அளவு" எண்டார்.
வேற ஒண்டும் சொல்லேல்லை.
வாசலிலை லொறிக்காரன் கோண் அடிச்சான்.
அடிக்கட்டும் எண்டார்.

திரும்ப ஒட்டினது அவர்.
நான் சுவரைப் பாத்து இருந்துகொண்டு
காதாலை காவல் இருந்தன்.
அரைநாள் சம்பளம் வெட்டினவர்,
அது வேற கதை.

முதல் ரின் முடிஞ்சு
ரண்டாவது ரின் கொஞ்சம் வெளிறலாம்.
லொறிக்காரன்தான் குறை சொன்னவன்,
ஒரு வாளிக்கு ரண்டு மஞ்சளோ எண்டு.
எனக்கு அண்டைக்கு
எல்லாம் பால் நிறம்.